அட்டையைக் காட்டச் சொன்னவன் நான்

தாராவிக்கு நான் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இன்றைக்குக் குர்லாவில் பெல்ட் பட்டறை என்னுடையது. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். தாராவியில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவே ஏறி இறங்க இரும்பு ஏணி, எல்லாம் நான் கட்டியது. வெல்டிங் கடையில் நானே நின்று, படி இவ்வளவு அகலம் வேண்டும் என்று கையை விரித்துக் காட்டிச் செய்வித்த ஏணி அது. எங்கள் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது நான் வார்டு ஆபீசுக்கு நடந்த நடையால். சந்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளு செய்யும் இடத்துக்கு மேலே தகரக் கூரை போட்டவன் நான். பெண்கள் இரண்டு பேரையும் காலேஜ் வரை படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தேன். பேப்பரை எழுத்துக் கூட்டிக் கூட்டியே தமிழ் வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டேன். இதை எழுதுவதும் என் கைதான். எங்கள் சந்தில் இருக்கிற ஒரு வாத்தியார் பிழை திருத்திக் கொடுத்தார். அவர் பங்கை நான் மறைக்கவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன நோயாளி வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா என்று பார்ப்பதற்கு மொபைலில் ஒரு ஆப் போட்டுக் கொடுக்கிறார்களே, அது முன்பெல்லாம் "மாத்திரை போட்டாயிற்றா" என்று கேட்கும். நான் சொல்கிற ஆஸ்பத்திரியின் ஆப் இப்போது அப்படிக் கேட்பதில்லை. "மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்" என்கிறது. அதற்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான். பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் ஊர் ஒப்புக்கொள்ளும். இதை மட்டும் ஒப்புக்கொள்ள ஆள் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தது. மாட்டுங்கா பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு என்று இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்றைக்கு ஒரு நர்ஸ் வந்தாள். திலக் நகரில் இருக்கிற தமிழ்ப் பெண். பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், இவள் பிறந்ததும் படித்ததும் இங்கே. வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆப் போட்டுக் கொடுத்து, பிறகு போனில் விசாரிப்பதுதான் அவள் வேலை.

"அங்கிள், ஆன்ட்டி போனைக் குடுங்க, ஆப் போட்டுத் தரேன்."

"அவகிட்ட போன் கெடையாது. என் போன்ல போடுமா."

"மாத்திரை போடப்போறது அவங்க. அவங்க கையில போன் இருந்தா நல்லது, அங்கிள்."

"அவளுக்கு எதுக்குப் போனு. நான் ஒருத்தன் இருக்கேம்லா."

கட்டிலில் சாய்ந்திருந்த என் மனைவி நர்ஸைப் பார்த்துச் சொன்னாள். "அதுலயே போடும்மா. இவ்வளவு பெரிய போன வச்சிக்கிட்டு நாலு பேருக்குக் காட்டலேன்னா அவுகளுக்குச் சோறு எறங்காது."

நர்ஸ் சிரித்துக்கொண்டே என் போனில் போட்டாள். காலை எட்டு மணிக்கு ஒரு முறை அடிக்கும், சாயங்காலம் ஏழரைக்கு ஒரு முறை அடிக்கும். மாத்திரை போட்டதும் பச்சை வட்டத்தை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டுச் சிவப்பாகிவிடும், பிறகு இவள் கூப்பிடுவாள். காலையில் நாலைந்து மாத்திரை. அதில் ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க. அதே மாத்திரைதான் சாயங்காலமும் ஒன்று. அது ஒரு வேளைகூட விட்டுப்போகக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்று என்னிடம் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். என் மனைவியிடம் அவள் சொன்னது வேறு.

"ஆன்ட்டி, நீங்க ஒண்ணும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். டென்ஷனே வேண்டாம். மணி அடிச்சா மாத்திரை. மணி அடிக்கலேன்னா நீங்களா எடுத்துப் போட்டுறாதீங்க, ரெண்டு தடவை ஆயிடும்."

"சரிம்மா. மணி அடிச்சா மாத்திர" என்று என் மனைவி திருப்பிச் சொன்னாள்.

இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நாள் நான் பட்டறைக்குப் போகவில்லை. மணி அடிக்கும், அவள் போடுவாள், நான் அமுக்குவேன். பதினோராம் நாள் போனேன். காலை மணி அடிக்கும்போது நான் வீட்டில்தான் இருப்பேன், அதனால் காலை மாத்திரைக்குக் குறை வரவில்லை. சாயங்காலம் ஏழரைக்கு நான் குர்லாவில் இருப்பேன். ஏழு மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் சட்டைப் பையில் அது அடித்தது. கையெல்லாம் சொல்யூஷன் பசை. சுண்டு விரலால் பச்சையை அமுக்கினேன். அவளுக்குத்தான் தெரியுமே, போட்டிருப்பாள், வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போனேன், சாப்பிட்டேன், கேட்கவில்லை. மறுநாளும் அமுக்கினேன். அப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. கூரியர்காரன் நீட்டுகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஆப் ஒரு படம் காட்டும். இரண்டு கை தட்டுகிற படம், கீழே நூறு என்று போட்டிருக்கும். வாரம் முழுக்க ஒரு வேளை விடவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் நான் ஒருநாளும் பார்க்காத மார்க் அது. பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். டீக்கடையில் காட்டினேன். பெண்கள் இரண்டு பேருக்கும் அனுப்பினேன். நான் ஒரு காரியத்தை எடுத்தால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு மட்டும் சாயங்காலம் நான் வீட்டில் இருப்பேன். ஏழரைக்கு மணி அடிக்கும், என் கண் முன்னாலேயே அவள் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். அதைப் பார்த்து, எல்லா நாளும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு தடவை எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மாத்திரை தீர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். மாத்திரை டப்பாவைத் திறந்தால் இரண்டு அட்டை தொடாமல் அப்படியே கிடக்கிறது.

"இவ்வளவு மிச்சம் இருக்கே" என்றேன்.

"கடைக்காரரு கூடத் தந்திருப்பாரு. நீங்க போட்ட சத்தத்துல பயந்து அள்ளிக் குடுத்திருப்பாரு" என்றாள்.

எனக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. பெருமையாகக்கூட இருந்தது. டப்பாவை மூடி வைத்தேன்.

ஐந்து வெள்ளிக்கிழமை இப்படிப் போயிற்று. ஆறாவதுக்கு முதல் நாள் வியாழக்கிழமை காலையில், மேல் அறைக்கு டீ எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறியவள் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. டீ ஒவ்வொரு படியாக ஒழுகிக் கீழே வந்தது. அவளை ஏணியிலிருந்து இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

எமர்ஜென்சியில் அதே நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் வருவதற்குள் மருந்து விவரம் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, சாயங்கால மாத்திரை கடைசியா எப்போ போட்டீங்க?"

"வெள்ளிக்கெழம."

"நேத்து புதன், ஆன்ட்டி. நேத்து போடலையா?"

"அது வெள்ளிக்கெழமைக்கு உள்ளதுலா. மத்த நாளு மணி அடிக்காதே."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "என்ன அங்கிள் சொல்றாங்க? ஆப்ல டெய்லி பச்சையா இருக்கே."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஏணிப் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதுபோல் எல்லாம் புரிந்தது. மணி அடித்தால் மாத்திரை. மணி என் சட்டைப் பையில் இருந்தது. நான் வீட்டில் இருந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு மணி கேட்டது. முதல் பத்து நாளுக்குப் பிறகு சாயங்கால மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை நமக்கு விசேஷமான நாள், அன்றைக்கு மட்டும் ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவளுக்கு அதில் சந்தேகம் வர வழியே இல்லை.

புரிந்தும் நான் சொன்னது இது: "மயக்கத்துல அவ என்னமோ ஒளறுதாம்மா."

இதையும் எழுதுகிறேன். மறைக்கிறவனாக இருந்தால் இந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

டாக்டர் வந்தார். வடக்கத்திக்காரர், என்னிடம் இந்தியில் பேசுவார், சித்தப்பா என்கிற மாதிரி சாச்சா என்பார். கையிலிருந்த திரையில் ஆப்பைப் பார்த்தார். பச்சை, பச்சை, பச்சை. என் தோளில் கையை வைத்து, "சாச்சா, உங்களைப்போல ஒழுங்காகக் கவனித்துக்கொள்கிறவரை நான் பார்த்ததில்லை, உங்கள்மேல் குறை இல்லை" என்றார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் திரும்பி, இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் அடைத்திருக்கிறது என்றால் இந்த மருந்து இவருக்கு வேலை செய்யவில்லை, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

வாழ்க்கையில் எனக்குப் பாராட்டு சும்மா கிடைத்ததில்லை. ஒவ்வொன்றையும் இடித்துப் பிடுங்கி வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு பெரிய மனிதர் தானாக, தோளில் கைவைத்துக் கொடுத்தார். பேசாமல் இருந்திருந்தால் அது எனக்கே இருந்திருக்கும். என் மனைவி பேசியதை ஏற்கெனவே உளறலாக்கியும் வைத்திருந்தேன்.

நான் சொல்லிவிட்டேன். "டாக்டர் சாப், மருந்து மேல தப்பு இல்ல. அவ சாயங்கால மாத்திரை போடல. நான் பட்டறையில இருந்து அமுக்கிட்டேன்" என்று இந்தியில் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த அறையில் இருந்த ஐந்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் தோளிலிருந்து கையை எடுத்தார். "நல்லவேளை சொன்னீர்கள்" என்றார். உள்ளே கொண்டுபோய் அடைப்பை எடுத்தார்கள். மருந்தை மாற்றவில்லை.

பிழைத்துவிட்டாள். ஆனால் இதயத்தின் பலம் முன்பு இருந்ததில் பாதிதான் என்றார்கள். அவள் அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஏணியில் ஏறவில்லை. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய மேல் அறை, அவளைப் பொறுத்தவரை அடுத்தவர் வீடு.

மூன்றாம் நாள் வராந்தாவில் நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஏன் அங்கிள் அமுக்கினீங்க?"

"கேட்டுது. அமுக்கினேன்."

"போட்டாச்சான்னுதானே கேட்டுது."

"ஒன் ஆப்பு கேக்குற கேள்வியே தப்புமா. போட்டாச்சான்னு கேட்டா எவனும் ஆச்சுன்னுதான் சொல்லுவான்."

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. சட்டைப் பையில் கையை விட்டேன். பெல்ட் பட்டறைக்காரன் பையில் எப்போதும் கிடக்கிற சாமான், பஞ்ச் போடும்போது தெறிக்கிற சின்னச் சின்ன வட்டத் தோல் துண்டு. பொட்டு என்போம். நாலைந்து பொட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்ன அங்கிள்?"

"பெல்ட்டுல ஓட்டை போட்டா விழுறது. ஒரு பெல்ட்டுக்கு அஞ்சு ஓட்டை. முன்னாடி நானும் ஒன் ஆப்பு மாதிரிதான் கேப்பேன், எல்லாத்துக்கும் ஓட்டை போட்டாச்சாலேன்னு. ஆச்சு பாய்னு சொல்லுவானுவ. சரக்கு போயிட்டு திரும்பி வரும், பாதி பெல்ட்டுல ஓட்டை இருக்காது. அன்னையில இருந்து நான் கேக்குறதில்ல. பஞ்ச் மெஷினுக்குக் கீழ ஒரு டப்பா வச்சேன். சாயங்காலம் டப்பாவத்தான் பாப்பேன். பொட்டு இருந்தா ஓட்டை விழுந்திருக்கு. ஆளுகிட்ட பேச்சே கெடையாது."

அவள் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திர அட்டையும் அப்படித்தானமா. அமுக்கி எடுத்தா அங்கன ஓட்ட விழும். போட்டியா போட்டியான்னு கேக்காத. அட்டையக் காட்டுன்னு கேளு. படம் புடிச்சு அனுப்பச் சொல்லு. கேட்டிருந்தா குர்லாவுல இருந்துக்கிட்டு நான் எதக் காட்டியிருப்பேன்? அட்டை வீட்லலா இருக்கு. அட்டை யாருகிட்ட இருக்கோ, அவுககிட்டதான் போனும் இருக்கணும்."

"மாத்திரையை எடுத்துக் கீழே போட்டுட்டு வெறும் அட்டையைக் காட்டினா?"

"அப்படி ஏமாத்தணும்னு இருக்கவன எந்த டப்பாவும் புடிக்காது. நான் சொல்லுதது மறந்துபோறவனுக்கு. என்ன மாதிரி அவசரக்காரனுக்கு."

அவள் தன் போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள்." மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாம் தடவை சொல்லும்போது இன்னொன்றும் தோன்றியது. அட்டையின் மேல் வரிசை காலைக்கு, கீழ் வரிசை சாயங்காலத்துக்கு. இரண்டு வரிசையும் சமமாகக் காலியாகி வந்தால் சரி. ஒன்று முந்தினால் எங்கே தப்பு என்று படிக்கத் தெரியாதவருக்குக்கூடப் பார்த்த உடனே தெரியும். அதையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "மணி அடிக்கலேன்னா போடாதீங்கன்னு ஆன்ட்டிகிட்ட சொன்னது நான்தான், அங்கிள்."

"தெரியும்" என்றேன்.

முதலில் என் மனைவியிடம்தான் செய்து பார்த்தார்கள். அவளுக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் அவள் அனுப்பிய படங்களில் கட்டை விரல் இருக்கும், மேலே ஓடுகிற ஃபேன் இருக்கும், அட்டை இருக்காது. நர்ஸ் போன் செய்து, "ஆன்ட்டி, ஃபேன் நல்லா ஓடுது, இப்போ மாத்திரையைக் காட்டுங்க" என்பாள். இவள், "ஃபேன் மாட்டினது யாருன்னு கேளு, அதுக்கும் அவுக ஒரு கத வச்சிருப்பாக" என்பாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். காலையும் சாயங்காலமும் அவள் கையிலேயே மணி அடித்தது. அட்டையின் இரண்டு வரிசையும் சமமாக இறங்கியது.

நாலைந்து மாதம் கழித்து நர்ஸ் கூப்பிட்டாள். "அங்கிள், உங்க ஐடியா வந்துருச்சு. இனிமே எல்லா பேஷண்ட்டுக்கும் அட்டையைக் காட்டுறதுதான். ஒரு ஃபங்ஷன் வச்சிருக்காங்க, ஆன்ட்டியையும் கூட்டிட்டு வரணும்."

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு ஹால். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். இடுப்பில் நானே வெட்டி, நானே ஓட்டை போட்ட பெல்ட். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆப் செய்த குழுவுக்குத் தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்று, பாதி ஆங்கிலம் பாதி இந்தியில் பேசினார். பின்னால் பெரிய திரை.

முதலில் ஒரு கார்ட்டூன் படம் வந்தது. தாடி வைத்த ஒரு ஆள், ஒரு கையில் போன், இன்னொரு கையின் விரல் பச்சை வட்டத்தின் மேல். அதற்கு அப்பால் தூரத்தில் கட்டிலில் ஒரு பெண். பிரச்சினை இதுதான், புருஷனே மனைவிக்காகப் பட்டனை அமுக்கிவிட்டார் என்று தலைவர் சொன்னார். ஹால் சிரித்தது. என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "ஒங்க தாடிய நல்லா வரஞ்சிருக்காக" என்றாள்.

அடுத்த படத்தில் ஒரு கை, பச்சைக் கண்ணாடி வளையல், விரல்களுக்கு நடுவே மாத்திரை அட்டை. அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். அதே வளையல். திரையில் "தாராவியைச் சேர்ந்த ஒரு நோயாளி" என்று ஆங்கிலத்தில் இருந்தது.

மூன்றாவது படம், எங்கள் குழு கண்டுபிடித்த தீர்வு. காலி அட்டை, மேல் வரிசை, கீழ் வரிசை, எல்லாம் நான் சொன்னபடியே. கீழே குழுவில் இருப்பவர்களின் பெயர்கள். பெல்ட் பக்கிளில் அடிக்கிற கம்பெனிப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்து எனக்குப் பழக்கம். ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். நான் இல்லை. மூன்று தடவை கேட்டு எழுதிய நர்ஸின் பெயரும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் சுவர் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். "சாப், வோ ஆத்மி மே ஹூ" என்றேன். அந்த ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தலைவர் மைக்கில், "சாச்சா தன் தவறை இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறார், அவர் நேர்மைக்கு எல்லோரும் கை தட்டுங்கள்" என்றார். தட்டினார்கள். ஆப்பில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருமே இரண்டு கை, அதுபோலவே தட்டினார்கள். சத்தம் அடங்கும்போது திரையில் வேறு படம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டு உட்காரச் சொன்னார்.

டீ குடிக்கிற நேரத்தில் தலைவரைப் பிடித்தேன். பொட்டு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதைக் குறை சொல்ல மாட்டேன். காலி அட்டையைப் பார்த்து மாத்திரையை எண்ணுவது மருத்துவத்தில் முன்பே உள்ள வழக்கம்தான், சாச்சா, யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது, இது எல்லோரும் சேர்ந்து செய்த வேலை என்றார்.

"முன்னாலேயே தெரிஞ்ச விஷயமா சாப்?"

"ஆமாம்."

"தெரிஞ்சிருந்தா, என் பொண்டாட்டி மாத்திரைக்கு ஏன் பச்சை வட்டத்தைக் கேட்டீங்க?"

அவர் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

வெளியே வந்து டாக்ஸிக்கு நிற்கும்போது நர்ஸ் பின்னால் வந்தாள். "நான் சொன்னேன் அங்கிள். எழுதியும் குடுத்தேன். ஸ்லைடுல இடம் இல்லைன்னுட்டாங்க. நான் இதுக்கு மேல பேசினா..." என்று நிறுத்தினாள். அவள் வேலை அங்கேதான். அவளை நான் வற்புறுத்தவில்லை.

டாக்ஸி சயான் வந்ததும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"பேரு பேருன்னு நிக்கிய. நூறு மார்க்கு வந்தப்ப ஊருக்கெல்லாம் காட்டினியள்லா. அது யாரு போட்ட மாத்திரைக்கு வந்த மார்க்கு?"

நான் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். என் ஏணியத் திருப்பித் தரச் சொல்லுங்க, போதும்" என்றாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "அந்தக் கை யாரு கைன்னாவது போட்டிருக்கலாம்" என்றாள்.

அவள் ஏணியை யாரும் திருப்பித் தர முடியாது. அது எனக்குத் தெரியும். அதை எடுத்தவன் நான். பட்டறையில் யார் வாயையும் நம்பாமல் டப்பாவைப் பார்த்தவன், வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தும் மூடி வைத்தேன். இதை நான் நினைக்காத நாள் இல்லை. சாயங்காலம் ஏழரைக்கு அவள் கையில் அந்த மணி அடிக்கும்போதெல்லாம், குர்லாவில் என் சுண்டு விரல் தானாக ஒரு முறை மடங்குகிறது.

அதனால் அந்தத் தாடிக்காரன் படத்தை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இருக்கட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அது உண்மை. ஆனால் என் தப்புக்குத் திரையில் இடம் இருந்தது, நான் சொன்ன வழிக்கு இடம் இல்லை என்றால், அது என்ன நியாயம். தப்பு செய்தவன் ஒரே ஆள், தீர்வு மட்டும் எல்லோரும் சேர்ந்து செய்ததா.

ஆப் செய்தவர்கள் இதைப் படித்தால் சொல்கிறேன், அடுத்த தடவை அந்தப் படங்களைக் காட்டும்போது என் பெயரைப் போட வேண்டாம். இங்கேகூட நான் யார் பெயரையும் எழுதவில்லை. குர்லாவில் பெல்ட் பட்டறை வைத்திருக்கிறவர் என்று போட்டால் போதும், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். முதல் படத்துக்குக் கீழே, பட்டனை அமுக்கியவர் இவர் என்று எழுதுங்கள். மூன்றாவது படத்துக்குக் கீழே, அட்டையைக் காட்டச் சொன்னவரும் இவரே, கேட்டு எழுதியவள் நர்ஸ், நடுப்படத்தில் இருக்கிற கை இவர் மனைவியின் கை என்று எழுதுங்கள். எழுத்து இரண்டு இடத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நான் வந்து பார்ப்பேன்.